“ஒரு ஈத்து போடட்டும் டாக்டர்”: நாய், பூனை கருத்தடை பற்றிக் கேள்வி பதில்

மதுரையில் 26 வருடமாக நாய், பூனை பார்க்கிற கால்நடை மருத்துவன் நான். அதற்கு முன் உசிலம்பட்டிப் பக்கம் மாடும் ஆடும்தான். இன்று ஞாயிறு, மதியத்தோடு கிளினிக்கைப் பூட்டிவிட்டேன். ஊர்ப் பெயரைப் போட்டு, கருத்தடை ஆபரேஷன் பற்றி மட்டும் கேளுங்கள். உண்ணி, முடி கொட்டுவதெல்லாம் இன்னொரு நாள்.

திருப்பாலை: எங்கள் லேப் (லாப்ரடார்) பொட்டைக்கு ஒன்றரை வயது. ஒரு ஈத்துக் குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது, அப்புறம் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் மாமியார். சரியா டாக்டர்?

சரியில்லை அம்மா. ஆனால் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன், இதை நம்பாத வீடு மதுரையில் குறைவு. குட்டி போடுவதால் நாயின் உடம்புக்கு ஒரு லாபமும் கிடையாது. தள்ளிப்போடுவதில்தான் நஷ்டம்.

பொட்டை நாய் ஒவ்வொரு முறை ஹீட்டுக்கு, அதாவது இணைசேரும் பருவத்துக்கு, வந்துபோன பிறகும், கிராஸ் ஆனாலும் ஆகாவிட்டாலும், சுமார் இரண்டு மாதம் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் தூக்கலாகவே இருக்கும். குட்டி இருப்பதாக நினைத்துக் கர்ப்பப்பை தன் உள்சுவரைத் தடிப்பாக்கி வைத்துக்கொள்ளும். ஹீட்டின்போது கர்ப்பப்பை வாய் திறந்திருக்குமில்லையா, அப்போது உள்ளே போன கிருமிக்கு அது நல்ல மெத்தை. ஹீட் முடிந்து ஒன்று, இரண்டு மாதத்தில் கர்ப்பப்பை முழுக்கச் சீழ். இதற்கு பயோமெட்ரா என்று பெயர். வயது ஏற ஏற, ஹீட் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

போன வருடம் ஒன்பது வயது லேப் ஒன்று வந்தது. “வாளி வாளியாகத் தண்ணி குடிக்குது, சாப்பிட மாட்டேங்குது, கிட்னியா டாக்டர்?” என்று கேட்டார்கள். வயிற்றைத் திறந்தேன். அந்த அளவு நாய்க்குக் கர்ப்பப்பையின் கிளை பென்சிலைவிட மெல்லிசாக இருக்க வேண்டும். இதற்கு இரண்டு பக்கமும் முற்றிய புடலங்காய் கனத்தில், ஊதா நிறத்தில், விரல் பட்டால் கிழிந்துவிடும் போல மினுங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தேன். தராசில் வைத்தால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நாய் பிழைத்தது. ஆனால் நல்ல உடம்பில் முக்கால் மணி நேரத்தில் முடிகிற அதே ஆபரேஷன், இப்படிச் சீழ் வைத்த உடம்பில் உயிர்ப் போராட்டம்.

சில நாய்க்குச் சீழ் வெளியே ஒழுகும், பார்த்ததும் தெரிந்துவிடும். வாய் மூடிக்கொண்டால் ஒழுகாது. அதுதான் மோசம்.

இன்னொன்று மார்புக் கட்டி. 1969இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு ஒரு கணக்குச் சொன்னது. ஆபரேஷனே செய்யாத நாயின் அபாயத்தை 100 என்று வைத்தால், முதல் ஹீட்டுக்கு முன் செய்த நாய்க்கு 0.5, ஒரு ஹீட்டுக்குப் பின் 8, இரண்டுக்குப் பின் 26. அந்தக் கணக்கு அவ்வளவு வலுவானதல்ல என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அதனால் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். சீக்கிரம் செய்தால் கட்டி குறைவு என்பதை என் மேஜையில் நானே பார்க்கிறேன்.

கடைசி ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கூட்டி வாருங்கள். ஹீட்டில் இருக்கும்போது ரத்தக்குழாய் புடைத்திருக்கும், மடியில் பால் இருக்கும்போதும் வேண்டாம். எட்டுக் குட்டி பிறந்தால் எட்டு வீடு தேட வேண்டும் என்பதையும் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

வில்லாபுரம்: ஐந்து மாதப் பெண் பூனை இரவெல்லாம் கத்துகிறது, தரையில் புரள்கிறது. வயிற்று வலியா சார்?

வலி இல்லை, பருவம். ஐந்து மாதத்தில் வரலாம், நாலிலும் வரலாம். பூனைக்குக் கடுவன் சேர்ந்தால்தான் கருமுட்டை வெளிவரும். சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இதே கச்சேரி. வெளிநாட்டில் குளிர்காலத்திலாவது ஓய்வு உண்டு. நம் ஊரில் பகல் நேரம் பெரிதாகக் குறையாததால் வருடம் முழுக்க நடக்கும். குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சினையும் பிடிக்கும். இந்த வாரமே ஆபரேஷனுக்குத் தேதி வாங்குங்கள். பூனையின் மார்புக் கட்டியில் பெரும்பாலானவை புற்றுநோய்தான் என்பதால் அவசரம் நாயைவிட அதிகம்.

வலி என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரை போதும், பூனை செத்துப்போகும்.

அனுப்பானடி: மூன்று வயதுக் கடுவன் நாய். கேட்டைத் திறந்தால் ஓட்டம், இரண்டு நாள் கழித்துக் கடிபட்டு வருகிறான். வீட்டுச் சுவரெல்லாம் மூத்திரம். ஆபரேஷன் செய்தால் திருந்துவானா?

ஓட்டம் பெரும்பாலும் குறையும். புரட்டாசி, ஐப்பசியில் தெருவில் பத்துக் கடுவன் ஒரு பொட்டை பின்னால் போகிறதே, அந்தக் கூட்டத்தில் இவன் இருக்க மாட்டான். சுவரில் மூத்திரம் குறையும், மூன்று வருடப் பழக்கம் என்பதால் முழுசாக நிற்கும் என்று கையெழுத்துப் போட மாட்டேன். விருந்தாளியைப் பார்த்துப் பயத்தில் கடிப்பது, சங்கிலியை இழுப்பது இதற்கெல்லாம் கத்தி மருந்தில்லை, பழக்க வேண்டும். பயந்த சுபாவ நாய்க்குச் சில சமயம் பயம் கூடுவதாகவும் ஆய்வுகள் உண்டு.

உடம்புக்கு என்ன லாபம் என்றால், விதையில் கட்டி வராது, வயதான காலத்தில் புராஸ்டேட் வீங்காது. தெருக் கிராஸில் ஒட்டிக்கொள்ளும் பிறப்புறுப்புக் கட்டி ஒன்று இருக்கிறது, காலிஃப்ளவர் மாதிரி வளரும், ரத்தம் சொட்டும். அதுவும் தப்பும். ஒரு விதை இறங்காமல் வயிற்றிலேயே இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. செய்த பிறகும் ஒரு மாதம் பொட்டைகளிடமிருந்து தள்ளி வையுங்கள். குழாயில் விந்து மிச்சமிருக்கும்.

கடிபட்ட வலிக்கு டைக்ளோஃபினாக், ஐப்யூபுரூஃபன் எதுவும் கொடுத்திருந்தால் நிறுத்துங்கள். மனிதர் மாத்திரை நாய்க்கு வேண்டாம்.

செல்லூர்: எத்தனை மாதத்தில் செய்யலாம்?

பூனைக்கு நாலு, ஐந்து மாதம். சின்ன ஜாதி நாய்க்கும் நாட்டு நாய்க்கும் ஆறு மாதம் ஒட்டி. லேப், கோல்டன், ராஜபாளையம் போன்ற பெரிய உடம்புக்கு ஒரு வயது தாண்டட்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் கோல்டன் ரெட்ரீவர்களைப் பார்த்து 2013இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு வயதுக்குள் செய்தவற்றுக்கு மூட்டுத் தொந்தரவு அதிகம். எலும்பு வளர்ந்து முடிய விதையிலும் சினைப்பையிலும் ஊறும் ஹார்மோன் வேண்டும்.

ஒத்தக்கடை: சிப்பிப்பாறைக்கு மயக்க ஊசி ஆகாது என்கிறார்களே?

நல்ல கேள்வி. சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் ஓட்ட நாய். உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. தயோபென்டோன் மாதிரிப் பழைய மயக்க மருந்து கொழுப்பில் போய்த் தங்கித்தான் வேகம் குறையும். தங்க இடமில்லாவிட்டால் ரத்தத்திலேயே சுற்றும், நாய் எழுந்திருக்க ரொம்ப நேரமாகும். மருந்தை மாற்றிக்கொண்டால் பிரச்சினை இல்லை. உடம்புச் சூடும் சட்டென்று இறங்கும், ஒரு கம்பளி கொண்டுபோங்கள். டாக்டரிடம் ‘நாட்டு நாய்’ என்று மட்டும் சொல்லாமல் ஜாதியைச் சொல்லுங்கள். முந்தின ராத்திரிச் சாப்பாட்டோடு சரி, காலையில் சோறு கூடாது. பாவமாக இருக்கிறதே என்று பாட்டி ஒரு இட்லி போட்டு, மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குப் போன கதை என்னிடம் இருக்கிறது.

அலங்காநல்லூர்: டாக்டரய்யா, ஒன்று கேட்கிறேன். காயடித்த மாட்டை வாடிவாசலில் அவிழ்த்துவிடுவீர்களா? என் ராஜபாளையம் தோட்டக் காவலுக்கு நிற்கிறது. காயடித்தால் அது பூனை ஆகிவிடாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன் அண்ணே. மாட்டில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. காளையின் திமில், கழுத்துக் கனம், ஆளைப் பார்த்ததும் வரும் சீற்றம் மூன்றுக்கும் விதையில் ஊறும் ஹார்மோன் வேண்டும். அதனால்தான் உழவுக்கும் வண்டிக்கும் காயடித்து எருதாக்கினோம். ஆனால் நாயின் காவல் வேறு கணக்கு. தன் இடம், தன் ஆள் என்ற பாசம், வளர்த்த விதம், ஜாதிக் குணம், இதிலிருந்து வருவது அது. பக்கத்துத் தோட்டத்தில் பொட்டை ராஜபாளையம் இருக்கும், பாருங்கள். அதற்கு விதையே கிடையாது. திருடனைப் பார்த்து வாலாட்டுமா?

மேலூர்: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது சார். என் சித்தப்பா நாய்க்குச் செய்தபின் படுத்தே கிடக்கிறது. என் கன்னியும் அப்படி ஆனால் முயலுக்கு எப்படிப் போவது?

முயல் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம் தம்பி, அதை நான் கேட்கவே இல்லை. சித்தப்பா நாய்க்கு என்ன எடை, என்ன சாப்பாடு? ஆபரேஷனுக்குப் பின் உடம்புக்குத் தேவை குறையும், பசி கூடும். தட்டில் கால் பங்கைக் குறைக்காமல் அதே சோறு போட்டால் எந்த நாயும் படுக்கும்.

அலங்காநல்லூர்: பொட்டை கதையை விடுங்கள் அய்யா. எங்கள் அப்பா காலத்தில் மரக்கட்டைக்கு நடுவில் வைத்து நசுக்குவார்கள், மாடு போடும் சத்தம் நாலு தெரு கேட்கும். வாயில்லா ஜீவனுக்கு அது வேண்டுமா?

வேண்டாம். அந்தச் சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன், கால்நடைப் படிப்புக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது மாட்டுக்கே மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் செய்ய வேண்டும். நாய்க்கு முழு மயக்கம், வலி ஊசி, பத்துப் பன்னிரண்டு நாளில் தையல் பிரிப்பு. கடுவன் மறுநாளே கேட்டுக்கு ஓடப் பார்க்கும், அதைப் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் நாய் சுத்தமான ராஜபாளையம், காது நன்றாகக் கேட்கிறது, வேலிக்குள் இருக்கிறது, இனத்துக்குப் பயன்படும் என்றால் காயடிக்காதீர்கள். நம் நாட்டு இனம் மிஞ்ச வேண்டும். நான் சொல்வது தெருவெல்லாம் சுற்றும் நாய்க்கு.

அலங்காநல்லூர்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அய்யா.

நீங்கள் வாடிவாசலில் ஆரம்பித்தீர்கள் அண்ணே.

பழங்காநத்தம்: எத்தனை மாதத்தில் செய்யலாம் டாக்டர்?

செல்லூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

கே.கே.நகர்: ஆபரேஷனுக்குப் பதில் ஹீட் வராமல் இருக்க ஊசி இருக்கிறதாமே, மலிவு என்றார்கள்.

போடாதீர்கள். அது புரோஜெஸ்டிரான் வகை ஊசி. திருப்பாலை அம்மாவுக்குச் சொன்ன சீழையும் மார்புக் கட்டியையும் காசு கொடுத்து வாங்குவது போல.

ஆனையூர்: எங்கள் தெரு நாய்க்குக் காது நுனி வெட்டியிருக்கிறது. யாரோ கொடுமை செய்திருக்கிறார்கள். புகார் கொடுக்கலாமா?

கொடுமை இல்லை, கருத்தடை ஆனதற்கு அடையாளம். மயக்கத்திலேயே வெட்டுவார்கள். 2001 விதிகளிலும் அதற்குப் பதிலாக வந்த 2023 விதிகளிலும், பிடித்த தெருவிலேயே திரும்ப விட வேண்டும் என்றுதான் இருக்கிறது. அந்த இடத்தைக் காலி செய்தால் வேறு நாய் வந்து உட்காரும். ஆனால் காது வெட்டிய நாய் கடித்தாலும் கடிதான். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராகப் பெரியாஸ்பத்திரி, ஊசி.

சோழவந்தான்: பச்சைக்கிளிக்கு இப்படி ஆபரேஷன் உண்டா?

பச்சைக்கிளி வளர்ப்பதே சட்டப்படி குற்றம். வனத்துறையைக் கேளுங்கள், என்னை மாட்டிவிடாதீர்கள்.

திருமங்கலம்: பொட்டை நாய்க்கு ஆபரேஷன் ஆகி மூன்று வருடம். இப்போது தூக்கத்தில் மூத்திரம் சொட்டுகிறது.

ஆபரேஷனின் உண்மையான பக்கவிளைவு இது, மறைக்க மாட்டேன். பெரிய உடம்புப் பொட்டைகளில் சிலவற்றுக்கு வரும். மாத்திரையில் கட்டுப்படும், முதலில் மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பக்கத்துவீட்டுப் பாட்டியின் மாத்திரையில் பாதி வேண்டாம்.

வாடிப்பட்டி: எத்தனை மாதத்தில்…

செல்லூர்.

திருப்பரங்குன்றம்: சார், அவசரமா என்று தெரியவில்லை. ஏழு வயது பொமரேனியன். ஹீட் முடிந்து ஐந்து வாரம். போன வாரம் வெள்ளையாக ஒழுகியது, நேற்றிலிருந்து நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைத்தோம். இன்று படுத்தே இருக்கிறது, தண்ணீர் மட்டும் குடிக்கிறது. நாளை திங்கள் காலை கூட்டிப் போகட்டுமா?

சரியாகவில்லை அம்மா. கர்ப்பப்பை வாய் மூடிக்கொண்டது, அவ்வளவுதான். நாளை வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். ஞாயிறு திறந்திருக்கும் எந்த டாக்டரானாலும் சரி, ஸ்கேன் வசதி இருந்தால் நல்லது. போகும்போதே போனில் ‘ஹீட் முடிந்து ஐந்து வாரம், ஒழுகல் நின்றுவிட்டது’ என்று சொல்லிவிடுங்கள், அவர்களுக்குப் புரியும். சோறு ஊட்டாதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்க வேண்டாம். வயிற்றை அமுக்காமல் துண்டில் ஏந்தித் தூக்குங்கள். யாரும் கிடைக்காவிட்டால் இங்கேயே சொல்லுங்கள், நான் கிளினிக் சாவியை எடுத்துக்கொண்டு வருகிறேன். மற்றவர்கள் கேள்வியை அடுத்த ஞாயிறு பார்ப்போம்.