மீந்துபோன பெயின்ட் யாருடைய பொறுப்பு?

அமெரிக்காவில் மீதமாகும் பெயின்டைத் தயாரிப்பாளர்களே திரும்பப் பெறுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

விற்பனையாகும் பெயின்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மீந்துபோவதாக மதிப்பிடப்பட்டது. அதை அகற்றும் செலவு நெடுங்காலம் உள்ளாட்சி அமைப்புகளின் தலையிலேயே விழுந்தது. அரசுகளும் தொழில்துறையும் பல ஆண்டுகள் பேசியதன் விளைவாக, 2009இல் ஒரிகன் மாநிலம் இதற்கான முதல் சட்டத்தை இயற்றியது. தயாரிப்பாளர்களின் சங்கம் தொடங்கிய பெயின்ட்கேர் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு 2010 ஜூலையில் அங்கே பணியைத் தொடங்கியது. பின்னர் கலிபோர்னியா உள்ளிட்ட மாநிலங்களும் இவ்வழியில் வந்தன.

செலவுக்கான பணம் புதிய டின்னின் விலையோடு சேர்ந்தே வசூலாகிறது. தொடக்கத்தில் ஒரிகனில் ஒரு காலன் (சுமார் 3.8 லிட்டர்) டின்னுக்கு 75 சென்ட். ஆகவே நடத்தும் பொறுப்புதான் தொழில்துறையுடையது, பணம் என்னவோ வாங்குபவருடையதுதான். இதை மறைக்க வேண்டியதில்லை.

மூடி இறுகி, லேபிள் கிழியாமல் இருக்கும் டின்னை, திட்டத்தில் சேர்ந்துள்ள பெயின்ட் கடையிலேயே கட்டணமின்றிக் கொடுத்துவிடலாம். நீரில் கரையும் பெயின்டாக இருந்தால், கெட்டியாகிவிட்டதா, கெட்டுப்போய் நாறுகிறதா என்று திறந்து பார்த்து, ஒத்த நிறங்களை ஒரே தொட்டியில் ஊற்றி, வடிகட்டி, மீண்டும் பெயின்டாகவே விற்கிறார்கள். எண்ணெய் பெயின்ட் பெரும்பாலும் எரிபொருளாகிவிடுகிறது.