இன்சுலின் போடுபவர் 16 மணி நேரம் விமானத்தில் போகலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 66 வயது. 15 வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் மிக்ஸ்டு இன்சுலின் போட்டுக்கொள்கிறேன், பி.பி. மாத்திரையும் உண்டு. மகளின் பிரசவத்துக்காக ஜூலையில் சென்னையிலிருந்து துபாய் வழியாக சான் பிரான்சிஸ்கோ போகிறேன். முதல்முறை, அதுவும் தனியாக. பஸ்ஸில் நாலு மணி நேரம் உட்கார்ந்தாலே கால் வீங்கிவிடும். விமானத்தில் பாத்ரூம் போகக் கூச்சமாக இருப்பதால் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். தூக்க மாத்திரை போட்டுக்கொள் என்கிறாள் தங்கை. இன்சுலினை எந்த ஊர் நேரப்படி போடுவது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகப் போகலாம் அம்மா. ஆனால் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, தூக்க மாத்திரை போடுவது, இந்த இரண்டும் வேண்டாம். உங்கள் வயதில் விமானம் ஏறுகிற அம்மாக்கள் பலரும் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். யாரிடமும் சொல்லாமல் செய்வதால் வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரிவதில்லை.

விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும். காற்றழுத்தமும் ஏறக்குறைய கொடைக்கானல் உயரத்தில் இருப்பது போலத்தான். வாயும் தோலும் தெரியாமலே உலரும். சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போய் உடல் இன்னும் வறளும். உங்கள் பி.பி. மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் பெரும்பாலும் சிறுநீரைக் கூட்டும் மருந்தும் சேர்ந்திருக்கும். பயண நாளில் அதை எப்போது போடுவது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு சின்ன டம்ளர் தண்ணீர் போதும். டிக்கெட் போடும்போதே நடைபாதை ஓர சீட் கேட்டு வாங்குங்கள். யாரையும் எழுப்பாமல் எழுந்து போக முடிந்தாலே பாதிக் கூச்சம் போய்விடும். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்தவுடன் பாத்ரூமில் கூட்டம் சேரும், அதற்கு முன்பே போய்விட்டு வாருங்கள். செருப்பில்லாமல் மட்டும் போகாதீர்கள். தரை ஈரமாக இருக்கும், சர்க்கரைக்காரர் காலில் சின்னக் கீறலும் கூடாது.

தூக்க மாத்திரை போட்டால் கால் அசையாமல் மணிக்கணக்கில் மடங்கியே கிடக்கும். கெண்டைக்கால் தசை சுருங்கினால்தான் ரத்தம் மேலே ஏறும். அது நடக்காவிட்டால் காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த ஆபத்தை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. ஆரோக்கியமானவர்களில் சுமார் 6000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது, ஆகவே பயப்பட வேண்டாம். உட்கார்ந்தபடியே அரை மணிக்கு ஒரு தடவை தையல் மெஷின் மிதிப்பது போல் பாதங்களை மேலும் கீழும் இருபது தடவை அசையுங்கள். கைப்பையைக் காலுக்கடியில் திணித்து அந்த இடத்தை அடைத்துவிடாதீர்கள். விமான நிலையத்தில் நடக்க வீல்சேர் வேண்டும் என்று இரண்டு நாள் முன்பே சொல்லிவைக்கலாம். ஆனால் துபாயில் காத்திருக்கும்போது அதிலேயே உட்கார்ந்திருக்காமல், எழுந்து கொஞ்சம் நடங்கள்.

முழங்கால் வரை வரும் இறுக்கமான சாக்ஸ் கடையில் கிடைக்கிறது, நல்லதுதான். உங்களுக்கு 15 வருடச் சர்க்கரை என்பதால், பாதத்தில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று டாக்டர் பார்த்த பிறகே அளவெடுத்து வாங்குங்கள். ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கு அது கெடுதல். பயணத்துக்காக மட்டும் ஆஸ்பிரின் போடச் சொல்வார்கள், அது வேண்டாம். டாக்டர் ஏற்கெனவே கொடுத்திருந்தால் நிறுத்தவும் வேண்டாம்.

சரி, இன்சுலின். உங்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. ஜூலையில் கலிபோர்னியா நேரம் நம் நேரத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே காலை 8 மணி என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 7.30. நீங்கள் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்சுலின் போடுகிறவர், அதனால் வேளை பெரிதாக மாறவே இல்லை, காலை ஊசி அங்கே இரவு ஊசி ஆகிறது, அவ்வளவுதான். போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். அதனால் கையில் ஒரு வாட்ச் கட்டிக்கொண்டு, மகள் வீடு போய்ச் சேரும்வரை அதை இந்திய நேரத்திலேயே வைத்திருங்கள். உங்கள் காலை அளவும் இரவு அளவும் வேறுவேறு என்றால், பயண நாளில் எவ்வளவு, போய்ச் சேர்ந்த பிறகு எப்போது மாற்றுவது என்பதை உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அந்த ஒரு நாள் சர்க்கரை 200ஐத் தொட்டாலும் பரவாயில்லை, நடுவானில் 60க்கு இறங்கக் கூடாது.

அதனால் சாப்பாடு முன்னால் வந்த பிறகே ஊசி போடுங்கள். தட்டு வரும் என்று நம்பிப் போட்டுவிட்டு, விமானம் குலுங்கிப் பரிமாறுவது நின்றுவிட்டால் திண்டாட்டம். இன்சுலின் பேனாவில் போடுகிறவர் என்றால் அதில் ஊசியை முன்கூட்டியே மாட்டிவைக்காதீர்கள், உயரத்தில் காற்றுக்குமிழ் சேரும். போடும் நேரத்தில் மாட்டி, 2 யூனிட் வெளியே தள்ளிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். சர்க்கரைக்காரர் சாப்பாடு என்று தனியாகச் சொல்லவும் அவசியமில்லை. அதில் சில சமயம் மாவுச்சத்து மிகக் குறைவாக இருக்கும், இன்சுலின் போட்டவருக்கு அது போதாது. பழகிய சைவச் சாப்பாட்டையே கேளுங்கள். முதல் விமானத்துக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி நாலு கையில் இருக்கட்டும். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ், அல்லது அரை டம்ளர் ஜூஸ். சாக்லேட் மெதுவாகத்தான் வேலை செய்யும், அதை நம்ப வேண்டாம்.

இன்சுலின், ஊசி, குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், மாத்திரைகள் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் ஒரு இன்சுலின்கூடப் போடாதீர்கள். பெட்டி தவறிப்போகலாம், சரக்கு அறைக் குளிரில் இன்சுலின் உறைந்தும் போகலாம். உறைந்தது உருகினாலும் பயன்படாது. ஐஸ் பேக் வைத்தால் துணி சுற்றி வையுங்கள், மருந்தில் நேராகப் படக் கூடாது. கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு மருந்துக்கு இல்லை, ஆனால் பரிசோதனையில் எடுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள். மூன்று மாதத்துக்கான மருந்தும், மருந்தின் மூலப்பெயரோடு (ஜெனரிக் பெயர்) டாக்டர் கடிதமும் வைத்துக்கொள்ளுங்கள். நம் பிராண்ட் பெயர் அங்கே யாருக்கும் புரியாது, பாராசிட்டமாலையே அவர்கள் அசிட்டமினோஃபென் என்கிறார்கள்.

மகளுக்காகக் கறிவேப்பிலை கட்டிக்கொண்டு போக வேண்டாம், அமெரிக்காவில் அனுமதி இல்லை. பிரசவ லேகியம், பஸ்பம் சேர்ந்த மருந்துகள் வேண்டாம் என்பது என் கருத்து. நியூயார்க்கில் 2011–12இல் இந்திய ஆயுர்வேத மருந்து சாப்பிட்ட கர்ப்பிணிகள் சிலர் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. அதைவிட, நீங்கள் கக்குவான் இருமலுக்கான டிடாப் தடுப்பூசி போட்டுக்கொண்டு போவது பேரக்குழந்தைக்குப் பெரிய உதவி. குழந்தையைத் தூக்குவதற்கு இரண்டு வாரம் முன்பே போட வேண்டும், ஆகவே கிளம்பும் முன் போட்டுவிடுங்கள். பயணக் காப்பீட்டில் சர்க்கரையையும் பி.பி.யையும் மறைக்காமல் எழுதுங்கள்.

போய் இறங்கும்போது இரண்டு காலும் லேசாக வீங்கியிருந்தால் கவலை வேண்டாம், ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்காலில் வலி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இவற்றில் எது வந்தாலும், பயணம் முடிந்து சில வாரம் ஆகியிருந்தாலும், பிரசவ வீட்டில் தொந்தரவு வேண்டாம் என்று அடக்கிக்கொள்ளாதீர்கள். உடனே மருமகனிடம் சொல்லி எமர்ஜென்சிக்குப் போங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ என்றால் காரை எதிர்பார்க்காமல் அங்குள்ள அவசர உதவி எண் 911ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.