பீடி சுற்றுவது "சும்மா இருப்பது" ஆகுமா? வேலை, கூலி பற்றிச் சில கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன். வேலை, சம்பளம் பற்றி மனதில் உள்ளதைக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில:

அம்பாசமுத்திரத்திலிருந்து: அண்ணாச்சி, நாட்டில் வேலையில்லாதவர்கள் 3.2 சதவீதம்தானாம். எங்கள் தெரு டீக்கடையில் எண்ணினாலே அதைவிட அதிகம் வரும். பொய்க்கணக்கா?

பொய் இல்லை தம்பி. அது தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2023-24 ஆண்டுக் கணக்கு. ஆனால் அதில் "வேலையில்லாதவர்" என்றால் வேலை தேடுபவர், அல்லது கிடைத்தால் போகத் தயாராக இருப்பவர் மட்டும்தான். இனி வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டவர் அந்தக் கணக்குக்கே வெளியே. வருஷத்தில் 30 நாள் ஏதோ ஒரு வேலை பார்த்திருந்தாலும் வேலையில் இருப்பவராகிவிடுவார். வாரக் கணக்கு இன்னும் தாராளம்: முந்தின 7 நாளில் ஒரு மணி நேரம் போதும். உங்கள் டீக்கடை ஆட்களில் பாதிப்பேர் அறுப்புக்கோ கல்யாணப் பந்தல் போடவோ போய்வந்திருப்பார்கள். நம் பக்கம் முழுசாக வேலையில்லாமல் இருக்கவும் கொஞ்சம் வசதி வேண்டும்.

ஆலங்குளத்திலிருந்து: அம்மா பீடி சுற்றுகிறாள். இதெல்லாம் வேலைக் கணக்கில் வருமா, அண்ணாச்சி?

வரும், தங்கச்சி. என் அம்மாவும் சுற்றியவள்தான். ஒருமுறை கணக்கெடுக்க வந்தவர் "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலை, ஓரத்தில் தூள். "சும்மாதான் இருக்கேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் ஒரு பீடியை உருட்டி, நுனியை மடக்கி, நூலையும் சுற்றிவிட்டாள். வந்தவர் திரும்பக் கேட்காமல் போயிருந்தால் அவள் கணக்கில் வேலை செய்யாதவள்.

அப்படியே சேர்த்தாலும் வேடிக்கை தீராது. இலை, தூள் வாங்கி வீட்டில் வைத்துச் செய்பவர்களைப் புள்ளியியல்காரர்கள் "சுயதொழில்" என்று எழுதுகிறார்கள். இலை பீடிக் கடைக்காரர் கொடுப்பது, கூலி அவர் சொல்வது, சுற்றிய பீடியைக் கழிவு என்று ஒதுக்குவதும் அவரே. இதில் "சுய" எங்கே இருக்கிறது? 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமோ வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளிதான் என்றது. ஒரே அம்மா ஒரு காகிதத்தில் முதலாளி மாதிரி, இன்னொன்றில் தொழிலாளி!

கூலியையும் பாருங்கள். 1000 பீடிக்கு இவ்வளவு என்று பேச்சு. இலை மட்டமாக வந்தால் வெட்டும்போதே நிறையக் கழிந்துவிடும், குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வாங்கவேண்டும், ஆயிரம் சேர இன்னும் இரண்டு மணி நேரம் பிடிக்கும். கூலி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஆனால் மணிக்கணக்கில் பார்த்தால் அன்று அவள் கூலி குறைந்துவிட்டது. யாரும் குறைத்ததாகச் சொல்லமுடியாது. கூலிதான் இப்படி, சேமிப்பாவது அவளுக்குச் சேரட்டும்: அம்மா பேரிலேயே பாஸ்புக்கும் (வாங்கிய இலையும் கொடுத்த பீடியும் எழுதும் புத்தகம்) பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) எண்ணும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில வீடுகளில் பாஸ்புக் மாமியார் பேரில் இருக்கும், சுற்றுவது மருமகள்.

வள்ளியூரிலிருந்து: எஞ்சினியரிங் முடித்த எனக்கு மாதம் 12,000. எங்கள் வீடு கட்டிய கொத்தனாருக்கு ஒரு நாள் 1,000. இது என்ன நியாயம் சார்?

நியாயத்தை விடுங்கள், ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். உங்கள் இருக்கைக்கு வெளியே வரிசை நிற்கிறது. நல்ல கொத்தனாருக்கு வீட்டுக்காரர்தான் காத்திருக்கிறார். ஆனால் அவருக்கு மாதம் 30 நாளும் வேலை இல்லை. ஐப்பசி மழையில் 12 நாள் கிடைத்தால் அவருக்கும் அதே 12,000தான், பி.எஃப். கிடையாது. இன்னொன்று, நம் நாட்டில் படிக்காதவர்களைவிடப் பட்டதாரிகளிடம்தான் வேலையின்மை விகிதம் அதிகம். அப்பா சோறு போடும்வரை பட்டதாரி நல்ல வேலைக்காகக் காத்திருக்கிறார். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது முடியாது.

களக்காட்டிலிருந்து: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஒன்பது வருஷம். நேர்காணலுக்குக் கார்டு வருமா?

அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 3 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதிந்து 5 வருஷம் ஆகியும் வேலை இல்லை, குடும்ப வருமானமும் குறைவு என்றால் உதவித்தொகைக்கு எழுதிப்போடலாம்: பட்டதாரிக்கு மாதம் 600, பிளஸ் டூவுக்கு 400. டவுனுக்கு பஸ்ஸில் போய்வரக் காணும்.

சங்கர்நகரிலிருந்து: சம்பளத்தில் பி.எஃப். என்று 1,800 பிடிக்கிறார்கள். கம்பெனி போடுவது கணக்கில் 550தான் தெரிகிறது. மீதியை அமுக்கிவிட்டார்களா?

இல்லை. 15,000 அடிப்படைச் சம்பளம் என்றால் உங்கள் 12 சதவீதம் 1,800. அவர்களும் 1,800 போடவேண்டும். அதில் 1,250 ஓய்வூதியத்துக்குப் போய்விடும், 550 உங்கள் கணக்கில் தெரியும். உமங் செயலியில் மாதாமாதம் பாருங்கள். உங்கள் 1,800ஏ அங்கே தெரியாத மாதம் வந்தால், அன்றைக்கே சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு பி.எஃப். அலுவலகத்துக்குப் போங்கள்.