மூன்று பேர் தோலுக்கு ஒரே களிம்பா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் கல்யாணச் சமையல் குழுவில் வேலை பார்க்கிறேன். வயது 43. எட்டு மாதமாக இடது கைப் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகளில் தோல் தடித்து வெடிக்கிறது. உப்புப் பட்டால் உயிர் போகிறது. மருந்துக் கடையில் கொடுத்த களிம்பைப் போட்டால் நான்கு நாள் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்பிவிடுகிறது. மகளுக்குத் தொடையில் வட்டமாக வந்த அரிப்புக்கும் அதையே போடுகிறாள். ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை செய்யும் கணவருக்கும் கை வெடிப்பு இருக்கிறது. இது ஒட்டுவாரொட்டியா, டாக்டரம்மா?

பதில்: அன்புச் சகோதரி, எந்தெந்த விரல் என்று குறிப்பாக எழுதினீர்களே, அதுதான் எனக்குப் பெரிய உதவி. கத்தியை வலது கையில் பிடிப்பவர்கள் வெள்ளைப்பூண்டுப் பல்லை இடது கையின் அந்த மூன்று விரல்களால்தான் பிடிப்பார்கள். குழம்புக்கும் மண்டிக்கும் கிலோக் கணக்கில் பூண்டு உரிக்கும் கை உங்களுடையது. பூண்டில் உள்ள டையல்லைல் டைசல்ஃபைடு என்ற பொருள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒருநாள் தொடங்கும். "இருபது வருஷமாக உரிக்கிறேனே" என்று நீங்கள் நினைத்தால், அது இந்தக் காரணத்தைத் தள்ளிவிடாது.

கையுறை போட்டுக்கொண்டு உரிக்கலாம் என்று தோன்றும். அந்தப் பொருள் சாதாரண ரப்பர் கையுறையையும் ஊடுருவிவிடும் என்பதால் அதை நம்ப வேண்டாம். ஒரு மாதம் பூண்டு வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயத்தையும் அதோடு விட்டுவிடுவது நல்லது. பாத்திரம் துலக்கும் பவுடரும் நாள் முழுக்க ஈரமும் வெடிப்பை ஆறவிடாது. அங்கே கையுறை உதவும், உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை இருக்கட்டும். இரவில் கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் முழுதும் காயும் முன்னே பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகத் தடவி, பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு படுங்கள். எலுமிச்சைச் சாறு, சுண்ணாம்பு இரண்டையும் வெடிப்பில் வைக்கவே கூடாது.

உங்கள் கணவருடைய கதை வேறு. ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்யும் தரை ஓடு. ஈரச் சிமெண்ட் கடுமையான காரம், தோலின் எண்ணெய்ப் பசையை அரித்துவிடும். சாம்பல் நிறச் சிமெண்டில் உள்ள குரோமேட் ஒவ்வாமையையும் உண்டாக்கும். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது கழுவினால் போதாது, பட்டறையிலேயே உடனுக்குடன் கழுவ வேண்டும். முழங்கை வரை நீண்ட கையுறை வேண்டும். அதற்குள் கலவை புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கழுவச் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையான கவலை உங்கள் மகளைப் பற்றித்தான். நீங்கள் கேட்ட ஒட்டுவாரொட்டி இங்கே இருக்கக்கூடும். தொடையில் வட்டமாக, ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்திருந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை, பூஞ்சைத் தொற்று. நாலு நாளில் எரிச்சலை அடக்கி, நிறுத்தியதும் திரும்ப வரவிடும் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர் குழாயின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அது அரிப்பை மட்டும் அமுக்கும், பூஞ்சையோ உள்ளே நிம்மதியாகப் பரவும். வட்டத்தின் உருவமே மாறிப்போய், பார்க்கிற மருத்துவருக்கும் அடையாளம் தெரியாமல் போகும். தொடை இடுக்கில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, பிரசவக் கோடு போன்ற வரிகள் விழும். அவை முழுதாக மறைவதில்லை. மருத்துவச் சீட்டு இல்லாமல் இதை எடுத்துக் கொடுக்கிறார்களே என்று ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது. மகள் அதை இன்றே நிறுத்தட்டும். நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடும், பயந்து மறுபடி தொடங்கிவிட வேண்டாம். அவளுடைய துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பைத் தனியாகத் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள்.

உள்ளங்கைத் தோல் தடிப்பானது என்பதால் உங்களுக்குச் சில வாரம் ஸ்டீராய்டு தேவைப்படலாம். எது, எத்தனை நாள் என்பதைத் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மகளோடு போய்க் காட்டுங்கள். பூண்டுதான் காரணமா என்று உறுதி செய்யப் பேட்ச் டெஸ்ட் உண்டு. சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, நான்காம் நாள் வாக்கில் மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது என்பதால், கல்யாணம் இல்லாத வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். விரலில் சீழ் வைத்தாலோ, வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.

அந்தக் களிம்புக் குழாயைத் தூக்கி எறிந்துவிடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று மருத்துவர் படித்துப் பார்க்க வேண்டும்.