ஆறு பேர் குடும்பத்துக்கு காம்பேக்ட் எஸ்யூவியா, எர்டிகா மாதிரி நீளமான வண்டியா?

கேட்டவர் சொன்னது சுருக்கமா இதுங்க: ஈரோட்டுல வீடு, சிவகிரி பக்கம் தோட்டம். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போற ரெண்டு குழந்தைங்க, கூட அப்பா அம்மா. வாரம் தவறாம தோட்டத்துக்குப் போகணும், லீவுல மலைக்குப் போகணும். ஷோரூம் விலை பத்து லட்சத்தைச் சுத்தி இருக்கணும். மாருதி பிரெஸ்ஸா, டாடா நெக்ஸான் மாதிரி அஞ்சு சீட்டு காம்பேக்ட் எஸ்யூவி எடுக்கலாமா, மாருதி எர்டிகா மாதிரி மூணு வரிசையில ஏழு சீட்டு இருக்கற நீளமான வேகன் வகை எடுக்கலாமா?

எங்க வீட்டுல ஓடறது எர்டிகா. மச்சான் வீட்டுல பிரெஸ்ஸா. ரெண்டு வீடும் காங்கேயத்துக்கு அக்கட்டாலயும் இக்கட்டாலயும்தான், அதனால யாருக்கு எது தேவையோ சாவியை மாத்திக்குவோம். அந்தப் பழக்கத்துல சொல்றேன்.

நீங்க ஆறு பேரு. எஸ்யூவில அஞ்சு சீட்டு, எர்டிகால ஏழு. எனக்குப் பாதி பதில் அங்கயே முடிஞ்சு போச்சுங்க. "சின்னவனை மடியில வெச்சுக்கலாம்"னு வீட்டுல சொல்லுவாங்க. 14 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைக்குப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம ஓட்டினா 1,000 ரூபாய் அபராதம்னு மோட்டார் வாகனச் சட்டத்துலயே இருக்கு. அபராதத்தை விடுங்க. முன் சீட்டுல மடியில குழந்தை இருக்கும்போது ஏர்பேக் வெடிச்சா அடி முதல்ல விழறது குழந்தை மேலதான்.

ஆனா ஆறு பேரும் சேர்ந்து எத்தனை தடவை போறீங்கன்னு ஒரு மாசம் கவனிச்சுப் பாருங்க. தோட்டத்துக்கு அப்பாவும் நீங்களும் மட்டும் போய், மத்தவங்க கெடா விருந்துக்கும் கோயிலுக்கும் மட்டும் வர்றாங்கன்னா கதை வேற. அப்படின்னா எஸ்யூவி எடுத்துட்டு, கும்பலாப் போற அன்னிக்கு டெம்போ டிராவலர் பேசிக்கிறது கணக்குல லாபம்.

இனி வண்டிக்கு வரேன். ஒரே கம்பெனியோட பிரெஸ்ஸாவையும் எர்டிகாவையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா விஷயம் நல்லா வெளங்கும். ரெண்டுலயும் ஒரே 1462 சிசி பெட்ரோல் என்ஜின். உயரம் பிரெஸ்ஸா 1685 மில்லிமீட்டர், எர்டிகா 1690. ஆமாங்க, எஸ்யூவின்னு சொல்றது அஞ்சு மில்லிமீட்டர் குட்டை! முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம், வீல்பேஸ், பிரெஸ்ஸால 2500, எர்டிகால 2740. குடும்பத்துக்கு வேணுங்கற எடம் அந்த 24 சென்டிமீட்டர்லதான் இருக்கு. எஸ்யூவில நாம காசு குடுத்து வாங்கறது பெரும்பாலும் பானெட் தூக்கலா இருக்கறதையும், உசரமா உக்காந்து ரோட்டைப் பார்க்கற சொகத்தையும். அந்த சொகம் பொய்யில்லை, மச்சான் வண்டியில உக்காந்தா எனக்கும் நெம்பப் புடிக்கும். ஆனா அது ஓட்டறவருக்கு மட்டும் கிடைக்கற சொகம்.

அகலத்துல இன்னொரு வேடிக்கை இருக்கு. இட்டேரில போறதுக்கு எஸ்யூவிதான் சரின்னு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு. எர்டிகா அகலம் 1735, பிரெஸ்ஸா 1790. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி நெருக்கற எடத்துல அஞ்சரை சென்டிமீட்டர் பெரிய விஷயம். மச்சான் வண்டியோட இடது பக்கக் கதவுல வேலிமுள் கீறினது வரி வரியா இருக்கும், மழை பேஞ்சு வண்டி நனைஞ்சா மட்டும் தெரியாது. தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியும் எர்டிகால 185தான், பிரெஸ்ஸாவை விட ஒன்றரை சென்டிமீட்டர் கிட்டக் கம்மி. அதுல பெருசா நட்டம் இல்லை.

நட்டம் வர்றது ஆள் ஏத்தினதுக்கு அப்பறம். விளம்பரத்துல போடற கிரவுண்ட் கிளியரன்ஸ் காலி வண்டில அளந்ததான்னு கேளுங்க. ஏழு பேர் உக்காந்தா எர்டிகா பின்னால நல்லா அமுங்கும். வீல்பேஸ் நீளம்ங்கிறதால, நம்ம கிராமங்கள்ல பெயின்ட் கூட அடிக்காம கூம்பு மாதிரி போட்டு வெச்சிருக்கற வேகத்தடையில நடுவயிறு உரசும். சாய்வா, ஒவ்வொரு சக்கரமா ஏத்தி எறக்கணும். பிரெஸ்ஸால அந்த வேலையே இல்லை, நேரா ஏறி எறங்கிடும். உங்க தோட்டத்துப் பாதையில வண்டித்தடத்துக்கு நடுவுல மண்மேடு இருந்தா, அதை முதல்ல அளந்துக்குங்க.

சாமான் விஷயத்துல நெறைய பேர் ஏமாந்து போறாங்க. எர்டிகால மூணு வரிசையும் நிமிந்திருந்தா பின்னால கிடைக்கறது 209 லிட்டர்தான். ரெண்டு பை, ஒரு தண்ணிக் கேன், அவ்வளவுதான். பிரெஸ்ஸால 328, நெக்ஸான்ல 382. அதாவது ஏழு பேரும் அவங்க மூட்டை முடிச்சும் சேர்ந்து எதுலயும் போகாது. குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போறப்ப பானை, கரும்பு, வாழைத்தார், தேங்கா மூட்டை, அரிசி, வெறகு எல்லாத்தையும் முன்னாடியே டூவீலர்லயோ டாடா ஏஸ்லயோ அனுப்பி வெச்சுடுவோம். ஆனா மூணாவது வரிசையை மடக்கினா எர்டிகால 550 லிட்டர் ஆயிடும். தரையும் தாழ்வு. அம்பது கிலோ புண்ணாக்கு மூட்டையைத் தூக்கற ஆளுக்குத்தான் இதோட அருமை தெரியும்: இடுப்புக்குக் கீழயே வெச்சு உள்ள தள்ளிடலாம். பிரெஸ்ஸால டிக்கி விளிம்பு உசரம், மூட்டையை நெஞ்சு வரைக்கும் தூக்கி, அப்பறம் குழிக்குள்ள எறக்கணும். அப்பாவுக்கு வயசாச்சுன்னா இது சின்ன விஷயம் இல்லைங்க. தார்ப்பாய் விரிச்சுக்குங்க, இல்லைன்னா புண்ணாக்கு வாசம் வண்டி விக்கற வரைக்கும் போகாது.

அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தா ஷோரூமுக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. ஏறச் சொல்லிட்டு நீங்க தள்ளி நின்னு பாருங்க. சேலை கட்டினவங்க முதல்ல உக்காந்து, அப்பறம் ரெண்டு காலையும் சேர்த்து உள்ள திருப்புவாங்க. சீட்டு அவங்க இடுப்பு உசரத்துக்குச் சரியா இருந்தா சுலபமா முடிஞ்சிடும். அதுக்கு மேல இருந்தா கதவு மேல இருக்கற கைப்பிடியைப் புடிச்சுத் தொங்க வேண்டி வரும், தாழ்ந்திருந்தா எந்திரிக்கும்போது யாராவது கை குடுக்கணும். எங்க அம்மாவுக்கு எர்டிகா நடு வரிசை சரியா அமைஞ்சுது. மாமியாருக்குப் பிரெஸ்ஸாதான் வாகு, ஏன்னா அவங்க கொஞ்சம் உசரம்.

மூணாவது வரிசை பெரியவங்களுக்கு ஆகாது. நடு சீட்டை மடக்கி நுழையணும், முழங்கால் நெஞ்சுக்கு வந்துடும். அது உங்க ரெண்டு குழந்தைங்களுக்குத்தான். அதுலயும் ஒரு சங்கடம், பின்சக்கரத்துக்கு மேலயே உக்கார்றதால ஆட்டம் அங்க அதிகம். திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு, வால்பாறை மலையில 40, கொல்லிமலையில 70. ஆழியார் தாண்டி ஏற ஆரம்பிச்சா பின்னால இருந்து "அப்பா, வாந்தி வருது"ங்கற குரல் வந்தே தீரும். மலைக்குப் போறப்ப குழந்தைகளை நடு வரிசைக்கு மாத்திட்டு, பெரியவங்கள்ல சின்ன வயசுக்காரங்க, பெரும்பாலும் உங்க வீட்டம்மா, பின்னால போக வேண்டியிருக்கும். இதை வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே அவங்ககிட்டப் பேசிடறது உங்களுக்கு நல்லது. பின் வரிசைக்கு ஏசி காத்து தனியா வருதான்னும் பாருங்க. மாடலுக்கு மாடல் மாறுது. சித்திரை வெயில்ல கரூர் ரோட்டுல அது இல்லாம முடியாது.

ஏத்தத்துல இழுவை எப்படின்னு கேட்டா, ஆறு பேரும் ஏசியுமா இருந்தா இந்த 1462 சிசி என்ஜின் திணறாது, அதே சமயம் பறக்கவும் பறக்காது. வளைவுக்கு வளைவு ரெண்டாவது கியருக்கு எறங்கத் தயாரா இருக்கணும். நெக்ஸான், வென்யூ மாதிரி டர்போ என்ஜின் வண்டிக மலையில சுறுசுறுப்பு அதிகம். எறங்கும்போது எந்த வண்டியா இருந்தாலும் பிரேக்கை மிதிச்சுட்டே வராதீங்க, ஏறின கியர்லயே எறக்குங்க.

நம்ம பக்கத்துக் காத்தையும் சொல்லணும். ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து மேக்க இருந்து அடிக்கற காத்து, காங்கேயம்–தாராபுரம் ரோட்டுலயும் பல்லடம்–உடுமலை ரோட்டுலயும் குறுக்கால வந்து அறையும். வழி நெடுக காத்தாலை நிக்கறது சும்மா இல்லையே. லாரியைத் தாண்டி வெளிய வந்த நொடியில ஸ்டீயரிங் ஒரு வெட்டு வெட்டும். நீளமான வீல்பேஸ் இருக்கற வண்டி அந்த நேரத்துல கொஞ்சம் நெதானமா நிக்குது. மேல கேரியர் மாட்டி மூட்டை கட்டினா அந்த நெதானம் போயிடும், எந்த வண்டியா இருந்தாலும்.

பாதுகாப்புல எர்டிகாவுக்குப் பரிஞ்சு பேச மாட்டேன். 2018ல, வண்டிகளை மோத விட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் குடுக்கற குளோபல் என்கேப் அமைப்போட சோதனையில அஞ்சு நட்சத்திரம் வாங்கின முதல் இந்திய வண்டி நெக்ஸான். ரெண்டு ஏர்பேக் மட்டும் இருந்த எர்டிகா, அதே குளோபல் என்கேப் நடத்தின 2024 சோதனையில பெரியவங்க பாதுகாப்புக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் வாங்குச்சு. 2025ல இருந்து எர்டிகாவோட எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக் குடுக்கறாங்க, அது நல்லதுதான். இருந்தாலும் உடம்பு அதே உடம்புதானே. இந்தக் கவலை உங்களுக்குப் பெருசுன்னா கொஞ்சம் கூடப் போட்டு கியா கம்பெனியோட கேரன்ஸ் பாருங்க. 2022ல வந்த நாள்ல இருந்தே ஆறு ஏர்பேக், வீல்பேஸ் 2780. பட்ஜெட்டைத் தாண்டும், ஆனா ஆறு பேர் உக்கார அதுதான் வசதி.

வரி ஒண்ணு இருக்கு. நாலு மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருந்தா அது சின்னக் கார். 2025 செப்டம்பர் 22ல இருந்து அதுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், மத்ததுக்கு 40. நெக்ஸான், வென்யூ, சோனெட் எல்லாம் 18ல வருது. பிரெஸ்ஸா நாலு மீட்டருக்குள்ளதான் இருக்கு, ஆனா என்ஜின் பெருசுங்கறதால எர்டிகாவோட சேர்ந்து 40ல நிக்குது. 2006 பட்ஜெட்ல வந்த இந்த நாலு மீட்டர் கோடுதான் நம்ம நாட்டு வண்டிக எல்லாத்துக்கும் வாலை நறுக்கி விட்டது. அதுக்கு முன்னாடி 1992ல டாடா எஸ்டேட், அப்பறம் பெலினோ ஆல்ட்யூரா, இண்டிகோ மெரினான்னு, கூரை பின்னால வரைக்கும் நீண்டு சாமான் எடம் பெருசா இருக்கற நெசமான வேகன்கள் வந்துச்சு, எதுவும் நிலைக்கலை. சரக்கு வண்டி மாதிரி இருக்குதுன்னு ஒதுக்கிட்டாங்கன்னுதான் நான் நெனைக்கறேன். இன்னிக்கு அந்த வேலையை எர்டிகாதான் செய்யுது.

தமிழ்நாட்டு ரோடு டேக்ஸும் பாருங்க. ஷோரூம் விலை அஞ்சு லட்சத்துக்கு மேல பத்து லட்சம் வரைக்கும் 13 சதவீதம், தாண்டினா 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம், அதுவும் மொத்த விலைக்கும். 9.90 லட்சம் வண்டிக்கு சுமார் 1.29 லட்சம் வரி, 10.10 லட்சம் வண்டிக்கு 1.82 லட்சம். சன்ரூஃப் வேணும்னு ஒரு மாடல் மேல போனா அரை லட்சம் வரியிலயே போயிடும்.

ரெனோ கம்பெனியோட ட்ரைபர் பத்தி யாராவது சொல்லுவாங்க. நாலு மீட்டருக்குள்ள ஏழு சீட்டு, வரியும் கம்மி, டவுனுக்குள்ள நல்ல வண்டி. ஆனா 999 சிசி, 72 குதிரைத்திறன். ஆறு பேரோட திம்பம் ஏறறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். சிஎன்ஜி எர்டிகால சிலிண்டர் டிக்கியைப் புடிச்சுக்கும், மூட்டை ஏத்தற எண்ணத்தை விட்டுடணும்.

அதனால உங்களுக்கு என் பதில் எர்டிகா, நடு ரகப் பெட்ரோல் மாடல், பத்து லட்சத்துக்குக் கீழ எது அமையுதோ அது. போர்ட்டிகோவை டேப் வெச்சு அளந்துக்குங்க, வண்டி கிட்டத்தட்ட நாலரை மீட்டர், கேட்டைச் சாத்தறதுக்கும் எடம் வேணும். ஷோரூம்ல குடுக்கற டெஸ்ட் டிரைவ் காலி வண்டில, பக்கத்துல விற்பனைக்காரரோட, பைபாஸ்ல ஒரு சுத்து. அதுல ஒண்ணும் தெரியாது. ஒறம்பறைல யாராவது ஒருத்தர்கிட்ட எர்டிகா இருக்கும். ஒரு ஞாயித்துக்கெழமை பெட்ரோல் போட்டுக் குடுக்கறேன்னு கேட்டு வாங்கி, ஆறு பேரையும் ஏத்தி, ஏசியைப் போட்டு சென்னிமலை மலைப்பாதையில ஏத்திப் பாருங்க. எறங்கி வந்ததும் பின் சீட்டுல உக்காந்தவங்ககிட்ட முதல்ல கேளுங்க.