எடை இறங்கவில்லை, நடையை விட்டுவிடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 44 வயது. ஜவுளிக் கடையில் காசாளராக இருக்கிறேன். உயரம் 158 செ.மீ., எடை 82 கிலோ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3 என்று வந்ததால் பயந்துபோய், நான்கு மாதமாகத் தினமும் காலையில் 40 நிமிடம் நடக்கிறேன். ஒன்றரைக் கிலோதான் குறைந்திருக்கிறது. சர்க்கரை இப்போது 6.0. ஜிம்முக்குப் போய் எடை தூக்கும் என் அண்ணி, "நடந்து நடந்து என்ன கண்டாய்?" என்று கேட்கிறார். நடையை விட்டுவிட்டு ஜிம்மில் சேரட்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: விட்டுவிடாதீர்கள், சகோதரி. ஒன்றரைக் கிலோவுக்காக இவ்வளவு வருந்தும் நீங்கள், 6.3 என்பது 6.0 ஆனதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. நீங்கள் அந்த எல்லையை விட்டு விலகி வந்துகொண்டிருக்கிறீர்கள்.

எடை பெரிதாகக் குறையாமலே சர்க்கரை கட்டுப்படுமா என்றால், படும். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடையோ ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது.

காரணம் தசையில் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு இன்சுலின் சொல்லித்தான் தசை சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். உடல் பருத்தவர்களுக்கு இந்தச் சொல் தசையின் காதில் சரியாக விழுவதில்லை. ஆனால் நடக்கும்போதும் பளு தூக்கும்போதும் தசை சுருங்குகிறது. அப்போது தசையணுவுக்குள் இருக்கும் குளூட்-4 என்ற புரதம் மேற்பரப்புக்கு வந்து, இன்சுலினுக்குக் காத்திராமல் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டாம் என்று என்னிடம் வருகிற எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

அண்ணி சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. அமெரிக்காவின் லூசியானாவில், நீரிழிவு உள்ள 262 பேரைப் பிரித்து ஒன்பது மாதம் பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்கு நடை போன்ற பயிற்சி மட்டும், சிலருக்கு எடைப் பயிற்சி மட்டும், சிலருக்கு இரண்டும். மொத்த நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். பயிற்சியே செய்யாதவர்களோடு ஒப்பிட்டபோது, இரண்டையும் கலந்து செய்தவர்களுக்குத்தான் சராசரிச் சர்க்கரை தெளிவாக இறங்கியது. வேக நடை வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் படிந்த கொழுப்பைக் கரைக்கும். பளு, சர்க்கரையைச் செலவழிக்கும் தசையை வளர்க்கும். ஒன்று செய்வதை மற்றது அதே அளவுக்குச் செய்யாது.

ஜிம் கட்டாயமில்லை. வாரத்தில் ஐந்து நாள் நடை, அதில் இரண்டு நாள் கூடுதலாக இருபது நிமிடம் பளு போதும். கை வைக்காத, ஆடாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு மெதுவாக எழுந்து, எழுந்ததைவிட மெதுவாக உட்காருங்கள். பத்து முறை, சற்று ஓய்வு, மறுபடி பத்து. அடுத்து, சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில்கள் இரண்டைத் தோளுக்கு மேல் தூக்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம். இரத்த அழுத்தம் ஏறும். நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம் கடைக்குள்ளேயே நடந்தாலும், அந்த வேளையில் ஏறும் சர்க்கரை தணியும்.

இட்லிக் கடை நடத்தும் ஒரு அம்மா என்னிடம் வருகிறார். ஆறு மாதத்தில் எடை 78-ஐ விட்டு நகரவில்லை. ஒருநாள் அழுதேவிட்டார். டேப்பை எடுத்து, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே சுற்றினேன். 104 செ.மீ. இருந்தது 97 ஆகியிருந்தது. டேப்பைக் கையில் வாங்கி அந்த எண்ணின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நீங்களும் மாதம் ஒருமுறை இப்படி அளந்து எழுதி வையுங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. நடையோடு சாப்பாட்டின் அளவையும் குறைத்தால் எடையும் இறங்கும். நடையை மட்டும் நம்பினால் மெதுவாகத்தான் இறங்கும்.

கேள்வி: என் கணவருக்கு 52 வயது, 96 கிலோ. முழங்கால் வலியால் நடக்க முடியவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். என்ன பயிற்சி செய்யலாம்?
– வாசகி, கரூர்

பதில்: நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் அல்லது நீச்சல். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவதும் தொடைத் தசைக்கு நல்லது. ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறையும். சில மாத்திரைகளோடு பயிற்சி சேரும்போது சர்க்கரை திடீரெனத் தாழலாம். மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தினமும் நூறு முறை படுத்து எழுந்தால் தொப்பை கரையுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வயிற்றுத் தசை உறுதியாகும், அதன் மேலிருக்கும் கொழுப்பு கரையாது. அந்த நேரத்தில் வேகமாக நடங்கள்.