சி3, சி4 ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? காம்ப்ளிமென்ட் கேள்வி பதில்

காம்ப்ளிமென்ட் என்பது கிருமியை எதிர்க்கும் ரத்தப் புரதங்களின் கூட்டம், சி3, சி4 அதில் இரண்டு. ரிப்போர்ட் படிப்பது பற்றி மட்டும் கேளுங்கள். மருந்தைக் கூட்டுவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவர் வேலை. சி3 எழுதுபவர்கள் சி4-ஐயும் சேர்த்து எழுதவும். பெரும்பாலான லேப்களில் டெசிலிட்டருக்கு சி3 90–180 மில்லிகிராம், சி4 10–40 என்பதுதான் நார்மல். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்.

எம்.பி.பி.எஸ். மாணவி: சார், காம்ப்ளிமென்ட் தூண்டப்படும் மூன்று பாதையும் குழப்புகிறது. அழற்சி எந்த இடத்தில் வருகிறது?

கிளாசிக்கல் பாதை, ஆன்டிபாடியில் சி1கியூ என்ற காம்ப்ளிமென்ட் புரதம் ஒட்டும்போது தொடங்கும். லெக்டின் பாதை, கிருமியின் மேலுள்ள சர்க்கரையை எம்பிஎல் என்ற புரதம் பிடிக்கும்போது. ஆல்டர்னேட்டிவ் பாதைக்குத் தூண்டுதலே வேண்டாம். சி3 எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே உடைந்துகொண்டிருக்கும். மூன்றும் சி3-இல் வந்து கூடும். உடைந்த துண்டுகளில் சி3ஏ, சி5ஏ இரண்டும் மாஸ்ட் செல்லை ஹிஸ்டமின் என்ற வீக்கப் பொருளைக் கக்க வைக்கும். சி5ஏ நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களையும் இழுத்து வரும். வீக்கமும் சிவப்பும் அங்கேதான். சி5பி முதல் சி9 வரை சேர்ந்து கிருமியின் சவ்வில் துளை போடும். ஒன்றை மறக்காதீர்கள்: கிளாசிக்கலும் லெக்டினும் சி4-ஐச் செலவழிக்கும், ஆல்டர்னேட்டிவ் அதைத் தொடாது.

ஒரு தாய்: பையனுக்கு 7 வயசு. காலில் சிரங்கு வந்து மூணு வாரம் கழிச்சு முகம் வீங்கி, கோலா நிறத்தில் யூரின் போனான். சி3 28, சி4 22. லூபஸா டாக்டர்?

இரண்டையும் எழுதியதற்கு நன்றி அம்மா. சி3 படுத்துவிட்டது, சி4 நன்றாக இருக்கிறது. செலவு ஆல்டர்னேட்டிவ் பாதையில் நடக்கிறது. சிரங்கு, மூன்று வார இடைவெளி, யூரின் நிறம் எல்லாம் சேர்த்தால், ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பின் வரும் சிறுநீரக அழற்சிதான் முதலில் நினைக்க வேண்டியது. லூபஸில் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து இறங்கும்.

வாராவாரம் சி3 எடுக்காதீர்கள், வீண் செலவு. 6 முதல் 8 வாரத்தில் அது தானே ஏறிவிடும். 8-ஆவது வாரம் ஒருமுறை பாருங்கள். 12 வாரம் தாண்டியும் ஏறவில்லையென்றால் சி3 குளோமெருலோபதியா (சிறுநீரகத்தில் சி3 படியும் நோய்) என்று பார்க்க வேண்டும். அப்போது பயாப்ஸி பேச்சு வரும். மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரியும் ரத்தம் மாதக்கணக்கில் நீடிக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். இப்போது கண் வைக்க வேண்டியது பி.பி. மேல்தான். உப்பைக் குறையுங்கள். தலைவலி, வாந்தி, வலிப்பு, மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே அட்மிஷன்.

லூபஸ் நோயாளி: சி3 98, சி4 12. நார்மல்தானே? டாக்டர் ஃப்ளேர் (நோய் மறுபடி தீவிரமாவது) என்கிறார்.

அவர் சொல்வது சரியாக இருக்கலாம். அழற்சி வந்தால் கல்லீரல் சி3-ஐக் கூடுதலாகச் செய்யும். ஒருபக்கம் செலவு, மறுபக்கம் உற்பத்தி. சீட்டில் தெரிவது மிச்சம் மட்டுமே. போன முறை 140 இருந்து இப்போது 98 என்றால் அது இறக்கம். பழைய ரிப்போர்ட், டிஎஸ்-டிஎன்ஏ ஆன்டிபாடி (லூபஸுக்கான ரத்தச் சோதனை), யூரின் புரத-கிரியாட்டினின் விகிதம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெயரில்லை: சி3 70. ஆபத்தா?

சி4 எங்கே?

லேப் டெக்னீஷியன்: சிஎச்50 பூஜ்யம். சி3, சி4 இரண்டும் நார்மல். ரிப்போர்ட் கொடுத்துவிடலாமா சார்?

கொடுக்காதீர்கள். புது சாம்பிள் கேளுங்கள். சி3, சி4 சோதனை புரதத்தின் அளவைத்தான் பார்க்கிறது. சிஎச்50 கிளாசிக்கல் பாதை முழுதும் வேலை செய்கிறதா என்று பார்க்கிறது. வெப்பத்தில் கெட்ட சீரத்திலும் அளவு நார்மலாகவே வரலாம். 56 டிகிரியில் அரை மணி வைத்தால் செயல் போய்விடும்.

குறுக்கே ஒரு பி.ஜி. (மேற்படிப்பு மருத்துவர்): சார், இது சி5–சி9 குறைபாடுதான். மூளைக்காய்ச்சல் தரும் மெனிஞ்சோகாக்கஸ் கிருமியின் அபாயம். திரும்ப எடுத்து நாளைக் கடத்துவது தப்பு.

லேப் டெக்னீஷியன்: எதற்கெடுத்தாலும் லேப் தலையில் போடுகிறீர்களே!

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். லேபைச் சொல்லவில்லை, கலெக்‌ஷன் சென்டரிலிருந்து உங்கள் மேசைக்கு வரும் வழியைச் சொல்கிறேன். அறை வெப்பத்தில் உறைய விட்டு, சீரம் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் மைனஸ் 70-இல் வைக்க வேண்டும். அனுப்புவது டிரை ஐஸில். உருக்கித் திரும்ப உறைய வைத்தால் கதை முடிந்தது. ஹெபடைட்டிஸ் சி, கிரையோகுளோபுலின் (குளிரில் திரளும் புரதம்) உள்ளவர்களுக்கு ரத்தம் எடுத்த பிறகு குளிரிலேயே காம்ப்ளிமென்ட் தூண்டப்பட்டுத் தீர்ந்துவிடும். அதற்குக் கூடவே, ரத்தம் உறையாமல் காக்கும் ஈடிடிஏ டியூப் ஒன்று எடுங்கள். பிளாஸ்மாவில் நார்மல், சீரத்தில் பூஜ்யம் என்றால் கோளாறு நோயாளியிடம் இல்லை.

பி.ஜி. தம்பி, சி2-ஐ விட்டுவிட்டீர்கள். சி2 இல்லாதவருக்கும் சி3, சி4 நார்மல், சிஎச்50 பூஜ்யம். பிரித்தறிய ஏஎச்50 (ஆல்டர்னேட்டிவ் பாதையின் செயலைப் பார்க்கும் சோதனை) போடுங்கள்: சிஎச்50, ஏஎச்50 இரண்டும் பூஜ்யம் என்றால் சி5 முதல் சி9 வரை தேடுங்கள். சிஎச்50 மட்டும் பூஜ்யம் என்றால் சி1, சி2, சி4.

பி.ஜி.: அதற்குள் மெனிஞ்சைட்டிஸ் வந்தால்?

ஏற்கெனவே நெய்சீரியா (மெனிஞ்சோகாக்கஸ் சேர்ந்த கிருமி இனம்) தொற்று வந்தவர் என்றால் இன்றே தடுப்பூசி போடுங்கள், யார் தடுத்தார்கள்? ஆனால் ஒரே சாம்பிளை வைத்து வாழ்நாள் முழுக்கக் குறைபாடு என்று சீட்டில் எழுதாதீர்கள்.

இல்லத்தரசி: உதடு அடிக்கடி வீங்குது, அரிப்பு இல்லை. அவில், ஸ்டீராய்டு எதுவும் கேட்கலை. சி3 110, சி4 5.

சி3 நார்மல், சி4 மட்டும் குறைவு. சி1-ஐ அடக்கும் புரதமான சி1 இன்ஹிபிட்டரின் குறைபாடா என்று அதன் அளவு, செயல் இரண்டையும் பாருங்கள். அளவு மட்டும் நார்மலாக வந்தும் நோய் இருக்கலாம். இந்த வீக்கம் ஹிஸ்டமினால் அல்ல, பிராடிகைனினால். அதனால்தான் ஹிஸ்டமினைத் தடுக்கும் அவில் கேட்கவில்லை. 40 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கியதென்றால் சி1கியூவும் வேண்டும். எனலாப்ரில் வகை பி.பி. மாத்திரை, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை இரண்டும் கூடாது என்று மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். குரல் மாறினாலோ விழுங்க முடியாவிட்டாலோ வீட்டில் காத்திருக்காதீர்கள்.

வேறொருவர்: சி3 72. என்ன சாப்பிட்டால் ஏறும்?

எதைச் சாப்பிட்டாலும் ஏறாது. சி4? மேலே மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன்.

பிஎன்எச் (காம்ப்ளிமென்ட் சிவப்பணுக்களை உடைக்கும் நோய்) நோயாளியின் கணவர்: சி5-ஐ அடைக்கும் எகுலிசுமாப் மருந்து தொடங்கப் போகிறார்கள். தடுப்பூசி போட்டால் போதுமா?

போதாது. முதல் டோஸுக்கு 2 வாரம் முன்பே மெனிஞ்சோகாக்கஸ் ஏசிடபிள்யூஒய், பி இரண்டும் போட வேண்டும். அவசரமாகத் தொடங்கினால் ஆன்டிபயாட்டிக் துணையோடு. ஊசி போட்டவர்களுக்கும் தொற்று வந்திருக்கிறது. சி5-ஐ அடைத்துவிட்டால் நெய்சீரியாவைத் துளைக்க ஆளில்லை. காய்ச்சல் என்றால் காலை வரை பொறுக்காமல் அந்த நேரமே மருத்துவமனை. மருந்து அட்டை பர்ஸிலேயே இருக்கட்டும்.

குழந்தைகள் நல மருத்துவர்: வயிற்றுப்போக்கு இல்லாத எச்யூஎஸ் (சிவப்பணு உடைந்து சிறுநீரகம் கெடும் நோய்), 6 வயது. சி3 60, சி4 24. பிளாஸ்மா மாற்று தொடங்குகிறோம்.

நம் நாட்டில் இந்த நோய் வரும் குழந்தைகளில், ஆல்டர்னேட்டிவ் பாதையை அடக்கும் ஃபேக்டர் எச்-க்கு எதிரான ஆன்டிபாடி மிகச் சாதாரணம். இருந்தால் ஸ்டீராய்டும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சேர வேண்டும். அந்த ஆன்டிபாடிக்கும் அடாம்ட்ஸ்13 என்ற என்சைம் சோதனைக்கும் ரத்தத்தை முதல் பிளாஸ்மா பை ஏறுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். ஏறிய பிறகு எடுத்தால் நீங்கள் அளப்பது டோனரின் ரத்தம்.